பாவாயி இழுத்த ஆம்பியர்

நாச்சிமுத்து தன் மனைவி பாவாயியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு புதன்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு. மொபெட்டை உதைத்துக் கிளப்பியாகிவிட்டது, செப்புக் கம்பிக் காயில் கட்டி முடித்த தறி மோட்டார் ஒன்று பின்னால் கயிறு போட்டு இறுக்கியிருந்தது, வெயில் நேராகக் கண்ணில் அடித்தது, அப்போது அவள் அடுப்படி வாசலுக்கு வந்து நின்று வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி எதையோ ஆட்டிக் காட்டினாள். கரண்ட் அடுப்பின் சுருள் கம்பி அவள் விரல்களிலிருந்து தொங்கி ஆடியது, அவள் வாய் அசைந்தது, ஆனால் தறிமேட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் நூற்று நாற்பது தறிகள் ஒரே சமயத்தில் அடித்துக்கொண்டிருந்ததால் அவள் சொன்னதில் ஓர் எழுத்துகூட அவர் காதுக்கு வந்து சேரவில்லை.

"சாயங்காலம் வந்து பாக்கறேன்!" என்று கத்திவிட்டுப் போனார்.

அவள் சிரித்தாளா, முகத்தைச் சுளித்தாளா என்பதும் அந்த வெயிலில் தெரியவில்லை. சுளித்திருப்பாள் என்றே அவர் நினைத்துக்கொண்டார். அந்த அடுப்புச் சுருள், அந்தக் காயில், அதற்கு முன் மூன்று முறை அறுந்திருந்தது. மூன்று முறையும் அவர் கருகிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு, மிச்ச நுனிகளைக் குறட்டால் முறுக்கி முடிச்சுப் போட்டு, மறுபடியும் மண்தட்டின் பள்ளத்தில் பதித்துக் கொடுத்திருந்தார். தறிமேட்டில் எல்லோரும் செய்வதுதான். வெட்ட வெட்டக் காயில் குட்டையாகும், குட்டையாக ஆக மின்தடை குறையும், தடை குறையக் குறைய அது இன்னும் அதிகமாக ஆம்பியரை இழுத்து இன்னும் சிவந்து எரியும், சீக்கிரமே மறுபடி அறும். ஐம்பத்து மூன்று ஓமுக்குப் பிறந்த காயில் நாற்பத்து நாலுக்கு வந்து நின்றதை அவரே அளந்திருந்தார்.

"புதுசு ஒண்ணு வாங்கிப் போடுங்," என்று பாவாயி எத்தனையோ தடவை சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் போட்டு முடிச்சுட்டு நம்மூட்டுக்குப் போடறேன்."

"ஊரு முடியறதுக்குள்ள நான் முடிஞ்சுருவேன்."

அது அவர்கள் இருவரும் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் கேலி.

மதியம் பக்கத்து வீட்டு ருக்குமணி, தையல்காரி, குழம்புக்குப் புளி கேட்டுப் போனபோது பாவாயி அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ருக்குமணி அவளைத் தொடவில்லை; முதலில் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். யார் விழுந்து கிடந்தாலும் மெயினை இறக்கிவிட்டுத்தான் தொடவேண்டும் என்று அந்தத் தெருவுக்கே படித்துப் படித்துச் சொல்லிவைத்தவர் நாச்சிமுத்துதான். அதனால் அந்த நேரத்தில் அடுப்பில் கரண்ட் இருந்ததா, இல்லையா, அவள் அதைத் தொட்டுக்கொண்டிருந்தபோது விழுந்தாளா என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வந்தவர்கள் எல்லோரும் மாரடைப்பு என்றார்கள். நாச்சிமுத்து அன்று சாயங்காலமே அடுப்பைத் திரும்பிப் பார்க்காமல் சாக்கில் சுற்றி, குப்பண்ணன் தறிப்பட்டறைக்குப் பின்னால் இருக்கும் பாழுங்கிணற்றில் போட்டுவிட்டு வந்தார். பிறகு மீட்டர் பலகையிலிருந்து அடுப்படி லைனின் பியூஸ் கட்டையை, அந்த வெள்ளைப் பீங்கான் கட்டையை, பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்று வருசம் அது சட்டை மாற்றச் சட்டை மாற்ற அவர் கூடவே வந்தது. நாலு சட்டைகளில் பை கிழிந்தது.

நாலாம் வருசம் சித்திரையில்தான் தறிமேட்டில் இறந்துபோனவர்கள் கரண்ட் இழுக்க ஆரம்பித்தார்கள்.

முதலில் குப்பண்ணன் வீட்டில் தெரிந்தது. எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் மீட்டர் சக்கரம் சுற்றியது. சுற்றியதே தவிர எண் நகரவில்லை. எங்கேயோ கசிகிறது என்று நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார்கள். அவரிடம் ஒரு டாங் டெஸ்டர் இருந்தது, கம்பியை அறுக்காமல் வெளியிலிருந்தே நண்டு மாதிரி கவ்விப் பிடித்து எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று எண்ணில் காட்டுகிற கருவி. கவ்வினார். கால் ஆம்பியருக்கு ஒரு பொட்டு கூட. இருநூற்று முப்பது வோல்ட்டை அதனால் பெருக்கினார்.

"அறுவது வாட்டு. ஒரு குண்டு பல்பு எரியுதுங்க."

"எங்கப்பா எரியுது? ஊடே இருட்டாக் கெடக்குது!"

உள்ளேயிருந்து குப்பண்ணனின் அம்மா வெங்காயம் உரித்தபடியே சொன்னாள்: "மணி ரெண்டாச்சா? உங்கப்பன் பேப்பர் படிப்பான். வெளக்கை அமத்துனா அவனுக்குக் கோவம் வரும், உடு."

அவ்வளவுதான். அதைப் பற்றி அந்த வீட்டில் வேறு பேச்சு எழவில்லை. மறுநாள் ருக்குமணி தன் செத்துப்போன அக்காவைக் கண்டுபிடித்தாள்: பாயிண்டு நாலு ஆம்பியருக்கு ஏறும், நிற்கும், கொஞ்சம் ஏறும், உடனே நிற்கும். டாங் டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பவள்போலப் பார்த்துவிட்டு, "ரவிக்கைக்குக் கை வெச்சுத் தைக்கறா," என்றாள். தையல் மிஷின் மோட்டார் என்றால் பெருக்கல் கணக்குச் சற்றுக் கோணும் என்று நாச்சிமுத்து எச்சரித்ததை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேட்டு வீட்டில் காலை ஏழு மணிக்கு இரண்டு ஆம்பியர் மூன்று நிமிசம் ஓடி நின்றது, மருமகள் நெற்றியில் அடித்துக்கொண்டு, "செத்தும் எனக்குச் சட்னி அரைக்க வராதுன்னு எங்க மாமியா காட்டறா பாருங்," என்று அழுதாள், பிறகு அந்த மூன்று நிமிசத்துக்கு மட்டும் மிக்ஸியைத் தொடாமல் ஒதுங்கி நிற்கப் பழகிக்கொண்டாள்.

ஊர் இப்படித்தான் பழகியது. வீட்டுக்கு ஒரு பிளக்கை மூத்தவர்களுக்கென்று ஒதுக்கி மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். அமாவாசைக்கு அதன் அடியில் இலை போட்டார்கள். பெண் பார்க்கப் போனால், ஊட்டுல எத்தனை ஆம்பியர் மூத்தவங்க என்று கேட்டார்கள். மீட்டர் பலகைக்குப் பக்கத்துச் சுவரில் அப்பா இத்தனை, சின்னாத்தா இத்தனை என்று பென்சிலால் எழுதிவைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் மூன்றாவதுக்கு மேல் மிதிக்காத பெண்களெல்லாம் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டே வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தார்கள். நாச்சிமுத்துவின் வாய்ப்பாடு தெருவின் வாய்ப்பாடாயிற்று: பெருக்கினால் வாட்டு, வகுத்தால் ஓம்.

பெருக்குவதைவிட வகுப்பது முக்கியம் என்று அவர்களுக்குப் புரிந்தது மாராத்தாளின் சண்டையில். மாராத்தாளின் புருசன் சின்னராசு வாழ்ந்த காலத்தில் தினமும் ஹீட்டர் ராடு போட்டு வெந்நீரில் குளித்தவன். செத்த பிறகும் இரண்டு மாசம் அவள் வீட்டில் காலை ஆறு மணிக்கு ஆயிரத்து நானூறு வாட்டு இழுத்துக்கொண்டிருந்தான், ஆடி பிறந்ததும் திடீரென்று நின்றுபோனான். அதே வாரம் வாய்க்கால் தெருவில், தனியாக இருக்கும் தெய்வானை வீட்டில், ஆறு மணிக்கு ஒரு லோடு ஏறுகிறது என்று சேதி வந்தது. மாராத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள், தெருவே பின்னால் போயிற்று, டாங் டெஸ்டரோடு நாச்சிமுத்துவும் போகவேண்டியதாயிற்று.

"செத்தும் இங்கதான் வந்து குளிக்கறானா அந்த நாசமாப் போனவன்?"

"வாயை அளந்து பேசு அக்கா. உம் புருசனுது ஆயிரத்து நானூறு. இது தொள்ளாயிரத்து அறுவது. கணக்கு எனக்குந் தெரியும்."

எல்லோரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். வாய்க்கால் தெரு லைனின் கடைசி வால். அங்கே வோல்ட்டு எப்போதும் நூற்றுத் தொண்ணூறுதான் வரும். கவ்விப் பார்த்தார், ஐந்து புள்ளி பூஜ்யம் ஏழு. தரையில் குந்தி உட்கார்ந்து வகுத்தார், பழைய கணக்கையும் பக்கத்தில் போட்டு வகுத்தார். இரண்டும் முப்பத்தேழரை ஓம்.

"வோல்ட்டு ஏறும், எறங்கும்," என்றார் மெதுவாக. "அதுக்குத் தக்கன ஆம்பியர் ஏறும், எறங்கும், வாட்டும் மாறும். ஓம் மாறாதுங்க. ஆளு ஆருன்னு ஓம்தான் சொல்லும்."

தெய்வானை அழ ஆரம்பித்தாள். மாராத்தாள், "வெசாழக்கெழமையாச்சும் அனுப்பி உடு," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். வியாழக்கிழமைகளில் அவன் வந்தான்.

அன்று முதல் ஊருக்கு இன்னொன்றும் விளங்கிவிட்டது. இறந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த இடத்தில்தான் இழுக்கிறார்கள். அப்படியானால் பாவாயி எங்கே?

நாச்சிமுத்துவால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஒரு வீட்டில் ஒரு தடவை அளந்தால் போதும் என்ற இடத்தில் மூன்று தடவை அளந்தார், யாரும் கூப்பிடாத வீட்டுக்கும் போனார், நாற்பத்து நாலு, நாற்பத்து நாலு என்று வாய் முணுமுணுத்தது. பாவாயியின் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறிப்போய் மாமன் மச்சான் எல்லோரும் பார்த்திருக்க எட்டு பிளக்கையும் கவ்வினார். அங்கன்வாடியில் அளந்தார், கோயில் மடப்பள்ளியில் அளந்தார். எங்கேயும் நாற்பத்து நாலு ஓம் இல்லை. தன் வீட்டு அடுப்படிக் கம்பியையும் தினமும் கவ்வினார், அது தினமும் சைபர் காட்டியது, சட்டைப் பையில் பியூஸ் கட்டை மார்பில் இடித்துக்கொண்டே இருந்தது.

"ஏப்பா நாச்சி," என்றார் குப்பண்ணன் டீக்கடையில், எல்லோருக்கும் கேட்கும்படி, "ஊருக்கெல்லாம் ஆளைப் புடிச்சுக் குடுத்தே. உம் பொண்டாட்டி எங்கேயோ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளாமா?"

"அவ எங்கயும் போகலீங்."

"பொறவு ஏன் வரலை?"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அவருக்குத் தெரியும் ஏன் வரவில்லை என்று. வோல்ட்டே இல்லாத கம்பியில் யார் வந்து எதை இழுப்பது? கட்டையைச் சொருகினால் அவள் வருவாள். வந்தால் நாற்பத்து நாலு ஓமோடு வருவாள், அவர் போட்ட மூன்று முடிச்சோடு வருவாள், முடிச்சு அடுப்பின் தகரத்தில் உரசியிருந்தால் அந்தக் கசிவும் கூடவே வரும், அதையும் டாங் டெஸ்டர் காட்டிவிடும். போகிற கம்பியையும் வருகிற கம்பியையும் சேர்த்துக் கவ்வினால் போதும். போனது முழுசாகத் திரும்பினால் சைபர், இல்லையென்றால் குறைகிற அளவு எங்கேயோ ஒரு தகரத்தின் வழியாக, ஓர் உடம்பின் வழியாக மண்ணுக்கு இறங்கியிருக்கிறது. மூன்று வருசமாக அவர் சட்டைப் பையில் சுமந்தது அந்தக் கணக்கைத்தான்.

ஐப்பசி முடிவில் தெருமுனையில் புது டிரான்ஸ்பார்மர் வந்து இறங்கியது. வியாழக்கிழமை காலை லைனை நிறுத்திப் பழையதைக் கழற்றிவிட்டு இதை ஏற்றுவார்கள். தறிக்காரர்களுக்குச் சந்தோசம், இனிமேல் வாய்க்கால் தெருவரைக்கும் முழு வோல்ட்டு. பெண்கள் மட்டும், புது லைனில் மூத்தவர்களுக்கு வழி தெரியுமோ தெரியாதோ என்று செவ்வாய்க்கிழமையிலிருந்தே அவரவர் பிளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசவேண்டியதைப் பேசிக்கொண்டார்கள்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ருக்குமணி கழுத்தில் அளவு டேப்போடு நாச்சிமுத்து வீட்டுக்குள் வந்தாள். அவர் முன்னறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தார். அவள் நேராக அடுப்படிக்குள் போய், சுவிட்சைத் தட்டிப் பார்த்து, திரும்பி வந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளு அம்மிணி."

"எல்லா ஊட்லயும் வோல்ட்டும் பாப்பீங்க, ஆம்பியரும் பாப்பீங்க. உங்க அடுப்படில வோல்ட்டு எத்தனைங்ண்ணா?"

அவர் கஞ்சியைக் கிண்டினார்.

"பாவாயி அக்கா வரலைன்னு ஊரே பேசுது. வாசல்ல தாப்பாளைப் போட்டுக்கிட்டு வரலை வரலைன்னா என்னுங் அர்த்தம்?"

"வந்தா..." என்றார். கரண்டி நின்றுவிட்டது. "வந்து, எம் முடிச்சுதான் காரணம்னு சொல்லீட்டா?"

ருக்குமணிக்கு உடனே புரிந்தது. அன்றைக்கு மெயினை இறக்கியவள் அவள்தான். டேப்பின் நுனியைச் சுருட்டினாள்.

"நாளைக்கு லைன் மாறுது. அப்பறம் கேக்கோணும்னாலும் கேக்க முடியாது. தெரியாமயே இருந்துக்குவீங்களா?"

அவர் ஸ்டவ்வை அணைத்தார். பையிலிருந்து கட்டையை எடுத்தார். மூன்று வருச வேர்வையில் பீங்கான் மஞ்சளாகியிருந்தது. அதன் பித்தளைக் கவ்விகளை உப்புத்தாளில் தேய்த்து, புது பியூஸ் கம்பி கட்டி, மீட்டர் பலகையில் சொருகினார். அடுப்படிப் பிளக்கில் வோல்ட்டு பார்த்தார். இருநூற்றுப் பதினெட்டு. காதிலிருந்த பென்சிலை எடுத்து, பிளக்குக்கு மேலே சுவரில் 218ஐ 44ஆல் வகுத்து எழுதினார்: 4.95. அதுதான் வரவேண்டும். டாங் டெஸ்டரைப் போகிற கம்பியில் கவ்வ விட்டார்.

சைபர்.

எட்டரை ஆயிற்று. எட்டே முக்கால் ஆயிற்று. சைபர். ருக்குமணி வெளியே நின்ற மொபெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு சட்டென்று திரும்பினாள்.

"அண்ணா, நீங்க ஊட்ல இருக்கறப்ப அக்கா என்னைக்கு அடுப்புப் பத்த வெச்சாங்க? குறுக்க குறுக்க வந்து நோண்டுவீங்கன்னு, வண்டி கெளம்பற சத்தம் கேட்டாத்தான சுவிட்சைப் போடுவாங்க? நீங்க கெளம்புங்க."

"எங்க?"

"எங்கியோ. வண்டியை எடுங்க. நம்பரை நான் பாக்கறேன்."

அவர் வெளியே வந்தார். மொபெட்டை உதைத்தார், மூன்றாவது உதையில் பிடித்தது, வெயில் நேராகக் கண்ணில் அடித்தது, இரண்டு பக்கமும் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன, வண்டி நாலு கெஜம் நகர்ந்திருக்கும், அடுப்படி வாசலில் ருக்குமணி வந்து நின்று கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். அவள் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் வந்து பார்க்கிறேன் என்று சொல்லத்தான் அவர் வாயும் பழகியிருந்தது. அவர் வண்டியை அணைத்தார், ஸ்டாண்டு போடக்கூட நிற்கவில்லை, அது பின்னால் விழுகிற சத்தத்தோடு உள்ளே ஓடினார்.

"நாலு புள்ளி ஒண்ணு ரெண்டு," என்றாள் ருக்குமணி. "அசையாம நிக்குது."

"நாலு புள்ளி ஒம்போது அஞ்சு."

"இல்லீங்ண்ணா. நீங்களே பாருங்க."

4.12. வோல்ட்டு இறங்கிவிட்டதோ என்று மறுபடி பார்த்தார். அதே இருநூற்றுப் பதினெட்டு. பெருக்கினார், எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு வாட்டு, அது எதையும் சொல்லவில்லை. வகுத்தார். சுவரில் பென்சில் இரண்டு தடவை முறிந்தது. மூன்றாம் தடவை விடையின் கீழே கோடு போட்டார்.

52.9.

"கணக்குத் தப்புங்களா?"

"கணக்குச் செரிதான்," என்றார். "இது முடிச்சுப் போட்ட காயில் இல்ல. புதுசு. ஒரு பொட்டுக்கூட வெட்டாத முழுக் காயில்."

அப்போதுதான் அந்தக் கை, அந்த வெயிலில் தலைக்கு மேலே ஆடிய கை, மூன்று வருசம் கழித்து அவருக்கு முழுசாகத் தெரிந்தது. அதிலிருந்து தொங்கியது அறுந்த துண்டு இல்லை. அத்தனை நீளத்துக்கு ஒரு துண்டு அறாது. அது பழைய காயில், அடியோடு கழற்றியது, மூன்று முடிச்சும் அதிலேயே இருந்தது. அவள் எங்கேயோ புதுசு வாங்கி, அவர் பக்கத்தில் நின்று பார்த்த பார்வையிலேயே வேலையைக் கற்று, தானே மாட்டி முடித்துவிட்டு, கழற்றியதைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். அவள் ரிப்பேருக்குக் கூப்பிடவில்லை.

ஆனாலும் இன்னொன்று பாக்கி இருந்தது. மாட்டிய கை வேலைக்குப் புதுசுதானே. அவர் டாங் டெஸ்டரை விடுவித்து, போகிற கம்பியையும் வருகிற கம்பியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தார், கவ்வுவதற்கு முன்னால் ஒரு தடவை ருக்குமணியைப் பார்த்தார், அவள் தலையாட்டினாள்.

எண்கள் துடித்து நின்றன. 0.00.

"சைபர்ங்களா? நின்னு போச்சா?"

"நிக்கல. ஓடுது. போனது அத்தனையும் திரும்பி வருது. ஒரு பொட்டுக்கூட மண்ணுக்கு எறங்கல." அவர் தரையில், அவள் சாய்ந்திருந்த சுவருக்கு எதிரே, உட்கார்ந்தார். "நல்லாத்தான் மாட்டியிருக்கா, கழுதை. என்னைவிட நல்லா."

ருக்குமணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அக்கா அன்னைக்கு என்ன குழம்பு வெச்சாங்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "புளி கேக்கத்தான வந்தேன். பாசிப்பயறு, கடைஞ்சு எறக்கி வெச்சிருந்தாங்க."

ஒன்பது இருபத்தைந்து வரைக்கும் லோடு ஓடியது. பிறகு நின்றது. வெளியே போய் விழுந்து கிடந்த மொபெட்டை நிமிர்த்தினார், கண்ணாடி உடைந்திருந்தது, அதைப் பொறுக்கிப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

வியாழக்கிழமை லைன் மாறியது. அதற்குப் பிறகு தறிமேட்டில் யாரும் வரவில்லை. மாராத்தாளும் தெய்வானையும் சில வாரம் ஒரே வீட்டில் உட்கார்ந்து ஆறு மணிக்குக் காத்திருந்தார்கள், பிறகு பேச வேறு விசயங்கள் கிடைத்து அப்படியே சிநேகிதமானார்கள். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பெரும்பாலான சுவர்களில் பென்சில் எண்கள் மறைந்தன.

நாச்சிமுத்துவின் அடுப்படியில் பிளக்குக்கு மேலே ஒரு முழம் சுவர் இன்னும் வெள்ளையடிக்காமல் இருக்கிறது. அதில் 4.95ஐக் குறுக்கே அடித்திருக்கிறது. 52.9க்குக் கீழே கோடு போட்டிருக்கிறது.